கணிதம் படித்தவர் பொருளியலுக்கு மாறலாமா? உசாவாவின் வழி

கணிதத்தில் இளங்கலை முடித்த வாசகர் ஒருவர், பொருளியல் ஆய்வுக்கு மாற விரும்புவதாகவும், அதற்காக மீண்டும் ஓர் இளங்கலைப் பட்டம் படிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை. ஆனால் கணிதத் திறமை ஒன்றே போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் ஜப்பானியப் பொருளியலறிஞர் ஹிரோஃபுமி உசாவாவே நல்ல சான்று.

1928இல் பிறந்த உசாவா, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதம். போருக்குப் பிந்தைய ஜப்பானின் வறுமை அவரைப் பொருளியலின் பக்கம் திருப்பியது. அவர் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்த அமெரிக்கப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ, 1956இல் அவரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அழைத்துக்கொண்டார். 1964இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆகவே விண்ணப்பத்தில் உங்கள் மதிப்பெண்களை விரித்துரைப்பதைவிட, பொருளியலில் ஒரு சிறு கேள்வியை எடுத்துச் சில பக்கங்களில் தீர்த்துக் காட்டி, அதே கேள்வியில் உழைக்கும் பேராசிரியருக்கு அனுப்புங்கள்.

எப்படிப்பட்ட கேள்வி என்பதற்கு அவருடைய 1965ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பாருங்கள். உழைப்பாளர்களில் எத்தனை பங்கினரை உற்பத்தியிலும் எத்தனை பங்கினரைக் கல்வியிலும் ஈடுபடுத்தினால் நாட்டின் நீண்டகால நுகர்வு உச்சத்தை எட்டும் என்பதே அதன் மையம். பின்னாளில் அமெரிக்கப் பொருளியலறிஞர் ராபர்ட் லூக்காஸ் 1988இல் இதை விரித்தெழுதியதால், இன்று இது உசாவா–லூக்காஸ் மாதிரி எனப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. வகைநுண்கணிதம் தெரிந்த உங்களுக்கு இதன் கணக்கு கடினமாக இராது. எந்த அனுமானம் எந்த முடிவைத் தாங்கி நிற்கிறது என்பதைத்தான் பொறுமையாகப் பிரித்தறிய வேண்டும்.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1968இல் அவர் டோக்கியோவுக்குத் திரும்பினார். என் மதிப்பில் அவருடைய ஆகச் சிறந்த பாடம் அதன் பிறகே வருகிறது. 1974இல் மோட்டார் வாகனங்களின் சமூகச் செலவு, அதாவது ஓட்டுபவர் கொடுக்காமல் சமூகத்தின் தலையில் விழும் செலவு, பற்றிய நூலில், விபத்தில் இறந்தவரின் இழந்த வருமானத்தைக் கூட்டிப் பார்க்கும் வழக்கமான முறையை அவர் மறுத்தார். நடப்பவரின் பாதுகாப்பு ஓர் உரிமை என்று கொண்டு, டோக்கியோ தெருக்களை அதற்கேற்ப அகலப்படுத்த ஆகும் செலவைக் கணக்கிட்டார். வாகனம் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் யென் என்று விடை வந்தது. அதுவரை சொல்லப்பட்ட மதிப்பீடுகளைவிட இது பலமடங்கு அதிகம். இங்கே கணக்கு எளிது. எதை அளப்பது என்ற முடிவுதான் பொருளியல்.

எனவே முதுகலையில் சேரும்போது நுண்பொருளியலோடு (தனிமனிதர், நிறுவனங்களின் முடிவுகளை ஆராயும் பிரிவு) பொருளாதார வரலாற்றிலும் ஒரு பாடத்தைக் கட்டாயம் எடுங்கள். விண்ணப்பக் கட்டுரைக்கான கேள்வியை உங்கள் ஊரின் சாலை, நீர், பள்ளி ஆகியவற்றில் நீங்கள் நேரில் அறிந்த ஒன்றிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது.