அலமாரி உட்புறத்துக்கு மயில்நீலம்: அடிக்கலாம், ஆனால் எல்லாப் பக்கமும் வேண்டாம்

வணக்கம். படுக்கையறைச் சுவர் அலமாரியின் உட்புறத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் அடித்த வெள்ளை எனாமல் மஞ்சளித்துவிட்டதாகவும், இப்போது மயில்நீலம் அடிக்க நினைத்தால் உள்ளே இருண்டுவிடும் என்று வீட்டில் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

மஞ்சளித்ததற்குப் பெயிண்டரைக் குறை சொல்ல வேண்டாம். எண்ணெய் கலந்த எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் தானாகவே மஞ்சளாகும். மூடியே கிடக்கும் அலமாரியில் அது தெளிவாகத் தெரியும். ஆகவே இம்முறை, எந்த நிறமானாலும், தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷனையே வாங்குங்கள். ஆனால் பழைய எனாமலின் வழுவழுப்பின் மேல் அது நேரடியாகப் பிடிக்காது என்பதால், பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து, எனாமல் மீது ஒட்டக்கூடிய பிரைமர் ஒரு கோட் அடித்துக் காய்ந்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும். அலமாரிக்குப் பின்னால் குளியலறைச் சுவர் இருந்தால் முதலில் ஈரக்கசிவைச் சரிசெய்யுங்கள். இல்லையெனில் எந்தப் பெயிண்டும் உரிந்துவிடும்.

வீட்டார் சொல்வதிலும் நியாயம் உண்டு. அடர்நீலம் வெளிச்சத்தை விழுங்கும். கருநீலச் சேலைக்கும் கறுப்புச் சேலைக்கும் உள்ள வேறுபாடு அதற்குள் புலப்படாது. நானாக இருந்தால் பின்சுவருக்கு மட்டும் மயில்நீலமும், பக்கங்களுக்கும் தட்டுகளின் அடிப்புறத்துக்கும் இளமஞ்சள் கலந்த வெள்ளையும் அடிப்பேன். கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது பின்சுவர்தானே!

தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றாலும் பெயிண்ட் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். குறைந்தது இரண்டு வாரமாவது கதவைத் திறந்தே வைத்து, அதன் பிறகு துணிகளை அடுக்குங்கள்.