பல் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் செலவு ஏன் ஏறுகிறது? சில நாட்டவரின் பற்களே மோசம் என்பது உண்மையா?

பல் சொத்தை என்பது, வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி, அந்த அமிலம் பல்லை அரிப்பது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் நரம்பும் இல்லை, உயிரணுவும் இல்லை. அதனால் தொடக்கத்தில் வலிக்காது; ஓட்டை விழுந்துவிட்டால் தானாக ஆறவும் ஆறாது. வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போது மட்டும் ஃபுளோரைடு பற்பசையாலேயே அதை மீட்க வாய்ப்புண்டு.

கூரை ஒழுகலைப் போலத்தான் இதுவும். உடைந்த ஓடு ஒன்றை மாற்றினால் முடிகிற வேலை, விட்டுவிட்டால் உத்தரம் வரை உளுத்துப்போகும். சின்னக் குழியை ஒரே அமர்வில் அடைத்துவிடலாம். சொத்தை நரம்பை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்), அதன்மேல் உறை. பல்லே போய்விட்டால் தாடை எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல். ஒவ்வொரு படியிலும் கூலியும் பொருளும் நாளும் கூடுகின்றன. கையில் காசில்லாதவர்தான் தள்ளிப்போடுகிறார், கடைசியில் அதிகம் கொடுப்பவரும் அவரே. இந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

‘ஆங்கிலேயர்களுக்குப் பல் மோசம்’ என்ற கேலிக்கும் ஆதாரம் இல்லை. 2015-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, இழந்த பற்களின் சராசரி இங்கிலாந்தில் 6.97, அமெரிக்காவில் 7.31. பளிச்சென்ற வெண்மை வேறு, ஆரோக்கியம் வேறு. பல்லைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சர்க்கரையும் துலக்கும் பழக்கமும் மருத்துவர் எட்டும் தூரத்தில் இருப்பதும்தான்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, கடும் பல்வலி திடீரென்று நின்றால் பல் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. உள்ளே நரம்பு செத்திருக்கலாம், சீழ் எலும்புக்குள் பரவிக்கொண்டிருக்கலாம்.