புதன்கிழமை பார்த்ததை ஏன் வெள்ளிக்கிழமை சொன்னீர்கள்?

கேள்வி: சிறுசேரியில் ஒரு கம்பெனியில் டெஸ்டராக, அதாவது சாஃப்ட்வேரில் குறை தேடும் வேலையில் இருக்கிறேன். பஸ் டிக்கெட் புக் பண்ணும் ஆப் எங்களுடையது. டீமில் அதை எழுதும் டெவலப்பர்கள் ஐந்து பேர், டெஸ்டர்கள் நாங்கள் இரண்டு பேர். வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக, கூடிப் பேசிச் செய்யும் முறை என்பார்களே, பெயருக்குத்தான் அந்த அஜைல். நாங்கள் எதைச் சொன்னாலும் ‘என் மெஷினில் வரவில்லையே’ என்று அந்தக் குறைக்காக நாங்கள் பதிந்த டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். போன ஸ்பிரிண்டில், அதாவது போன வேலைச் சுற்றில், பணம் கட்டும் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் இரண்டு தடவை பணம் போகிறது என்று கண்டுபிடித்தேன். புதன்கிழமையே கண்ணில் பட்டது, வாராந்திர ரிப்போர்ட்டுக்காக மற்ற பக்குகளோடு (குறைகளோடு) சேர்த்து வெள்ளிக்கிழமை, டிக்கெட் பதியும் ஜிராவில் போட்டேன். அப்ரைசலில் யார் எத்தனை பக் போட்டார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். அந்த டெவலப்பர் அதையும் மூடினார், நான் திரும்பத் திறந்தேன், மெயிலில் பெரிய சண்டை. கடைசியில் சனிக்கிழமை எல்லோரும் ஆபீஸ் வர வேண்டியதாயிற்று. அவரும் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு யூகேஜி படிக்கும் என் மகளை மாமியார்தான் பாட்டு கிளாசுக்குக் கூட்டிப் போனார். கணவர் அந்த டெவலப்பரைத் திட்டுகிறார். டெஸ்டர்களுக்கு மரியாதை கிடைக்க என்ன வழி? வேலையை விட்டுவிடட்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை அம்மா. ஒரு மாதம் டெஸ்டர் எழுதுவார், அடுத்த மாதம் டெவலப்பர் எழுதுவார், இரண்டு பேருமே எதிராளிக்கு மரியாதை தெரியவில்லை என்பார்கள். அதனால் மரியாதையைப் பற்றிப் பேசி உங்களைத் தேற்றப் போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. ‘புதன்கிழமையே கண்ணில் பட்டது.’ நாம் அதைப் பேசுவோம்.

புதன்கிழமை பார்த்தீர்கள், வெள்ளிக்கிழமை சொன்னீர்கள். நடுவில் வியாழக்கிழமை காலை, டீம் தினமும் நின்றபடி பேசும் ஸ்டாண்ட் அப்பில் நின்றீர்களே, அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன சொன்னீர்கள்? எல்லோரையும்போல ‘நோ பிளாக்கர்ஸ்’, தடை ஒன்றும் இல்லை என்றுதானே? ஊருக்குப் போகிற ஒருவரிடம் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு தடவை பணம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதை எழுதியவர் அதே வட்டத்தில் உங்கள் எதிரே நிற்கிறார், நீங்கள் வாயைத் திறக்கவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்ததைப் பார்த்துவிட்டு, விருந்தாளிகள் இலையில் உட்கார்ந்த பிறகு சபையில் வைத்துச் சொல்லும் நாத்தனாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் சொல்வது பொய்யில்லை, உப்பு அதிகம்தான். ஆனாலும் அந்த வீட்டு மருமகள் அதற்கப்புறம் அவர் சொல்லும் நல்லதைக்கூடக் காதில் வாங்க மாட்டாள். உங்கள் டெவலப்பர் டிக்கெட்டைப் பார்த்த உடனே மூடுகிறார் என்றால் அவர் அந்த நிலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. படித்துப் பார்க்காமல் மூடுவது சோம்பேறித்தனம், அதை அவருக்கே எழுதச் சொன்னாலும் எழுதுவேன். ஆனால் கடிதம் எழுதியது நீங்கள்.

அப்ரைசலில் எண்ணிக்கை பார்க்கிறார்கள் என்கிறீர்கள். பார்ப்பார்கள், பல இடங்களில் நடக்கிற கூத்துதான் இது. பக் எண்ணிக்கைக்கு மார்க் போட்டால் டெஸ்டர் பக்கைச் சேர்த்து வைப்பார், டெவலப்பர் அதை பக் இல்லை என்று நிரூபிப்பதிலேயே நாளைக் கழிப்பார், ஆப் அப்படியே கிடக்கும். இது மேலே இருப்பவர்களின் தப்பு, சந்தேகமே இல்லை. அடுத்த ரெட்ரோவில், அதாவது முடிந்த ஸ்பிரிண்டை அலசும் கூட்டத்தில், இதை எழுந்து சொல்ல வேண்டியது உங்கள் வேலை, உங்கள் கூட இருக்கும் இன்னொரு டெஸ்டரையும் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள். ஆனால் மேலே இருப்பவர் தப்பாக எண்ணுகிறார் என்பதற்காக, அடுத்தவர் காசு போகும் என்று தெரிந்தும் இரண்டு நாள் பேசாமல் இருந்தது சரியாகிவிடுமா? சம்பளம் வாங்குகிறோம், அதற்கு நேர்மையாக உழைக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். பார்த்ததைப் பார்த்த அன்றே சொல்வதுதான் டெஸ்டருக்கு அந்த நேர்மை. அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

பெயருக்குத்தான் அஜைல் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மலையில் பதினேழு பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்களே, அதில் முதல் வரியே, செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழகுவதும் பெரிது என்பதுதான். அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரமுக்கு ஒரு வழிகாட்டி உண்டு, அதன் 2020 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், டீமுக்குள் குட்டி டீம்களே கிடையாது என்கிறது. அதன் கணக்கில் ஸ்பிரிண்ட் வேலையைச் செய்து முடிக்கிற அத்தனை பேரும் டெவலப்பர்கள், நீங்களும்தான். உங்கள் கடிதத்திலோ ‘நாங்கள் இரண்டு பேர்’, ‘மூடிவிடுகிறார்கள்’. கோடு கிழித்தது அவர்கள் மட்டும் இல்லை.

சரி, அந்தப் புதன்கிழமையையே எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் சீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் மெஷினில் ஏன் வரவில்லை? ஆபீஸ் நெட்டின் வேகத்தில் முதல் தட்டுக்கே பதில் வந்துவிடும், இரண்டாவது தட்டுக்கு நேரமே இருக்காது. அவர் பிரவுசரிலேயே நெட்வொர்க்கை 3ஜி வேகத்துக்குக் குறைத்து, சக்கரம் சுற்றும்போது இன்னொரு தடவை தட்டிக் காட்டினால் இரண்டு பேமென்ட் விழுவதை அவரே கண்ணால் பார்த்திருப்பார். ராத்திரி கோயம்பேட்டில் சிக்னல் கிடைக்காமல் டிக்கெட் போடுகிறவருக்கு நடப்பது இதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொத்தானை மங்கலாக்கினால் மட்டும் பத்தாது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணோடு மறுபடி வந்தால் சர்வரே இரண்டாவது தடவை பணம் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கே அங்கே தோன்றியிருக்கும். வியாழன் ஒரு நாள் முழுக்க அவர் கையில் இருந்திருக்கும். மெயில் சண்டை இல்லை, டிக்கெட்டை மூடித் திறக்கும் கூத்து இல்லை.

டிக்கெட்டே போட வேண்டாம் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய் கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றே தொலைந்தது. விசையை அளப்பதில் ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன் கணக்கு, இரண்டும் ஒத்துப் போகவில்லை. பாதையைக் கவனித்தவர்களுக்கு எங்கேயோ இடிக்கிறது என்று முன்பே பட்டிருக்கிறது, மெயிலில் பேசியும் இருக்கிறார்கள், ஆனால் முறைப்படி குறை என்று பதிந்து கடைசிவரை துரத்தவில்லை. ஆகவே வாயால் சொல்வது மட்டும் போதாது. முதலில் நேரில் காட்டுங்கள், காட்டிய கையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தே டிக்கெட்டையும் போடுங்கள், 3ஜி வேகத்தில் எப்படித் தட்டினால் வருகிறது என்பதை ஒவ்வொரு படியாக எழுதி. அப்புறம், அடுத்த ஸ்பிரிண்டில் புரோகிராம் எழுதத் தொடங்கும் முன்பே நீங்களும் டெவலப்பரும், ஆப்பில் என்ன வேண்டும் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனரும் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து ‘நெட் பாதியில் போனால் என்ன ஆகும், பின்னால் போய்த் திரும்ப வந்தால் என்ன ஆகும்’ என்று பேசிவிடுங்கள். நல்ல டீம்களில் டெஸ்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது அந்த அரை மணி நேரம்தான், ஏனென்றால் அங்கே நீங்கள் கேட்கும் கேள்வியால் பல பக்குகள் பிறப்பதே இல்லை. ஆமாம், அவை உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணிக்கையாக வராது. வராவிட்டால் போகட்டும்.

இனி வீட்டு விஷயம். உங்கள் சனிக்கிழமையை டெவலப்பர் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள், உங்கள் கணவரும் அப்படித்தான் நினைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை வாயைத் திறந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை மகளை நீங்களே பாட்டு கிளாசுக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள். கைக்குழந்தைக்காரர் ஒருவர் வீட்டில் இருந்திருப்பார், பிரசவமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு கை உதவி கிடைத்திருக்கும். உங்கள் மாமியாருக்கும் ஓய்வு கிடைத்திருக்கும், அவரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நன்றி சொன்னதாக எழுதவில்லை. வேலை பார்க்கும் பெண் குற்ற உணர்ச்சியில் வேக வேண்டும் என்று நினைக்கிறவள் இல்லை நான். வேலை முக்கியம், கட்டாயம் பாருங்கள். ஆனால் வீட்டுக்குச் சேர வேண்டிய ஒரு நாளை, உங்கள் வீட்டுக்கும் சரி அவர் வீட்டுக்கும் சரி, ரிப்போர்ட்டில் ஒரு எண்ணுக்காகச் செலவழிப்பதை என்னால் ஏற்க முடியாது.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். விட வேண்டாம். இதே பழக்கத்தோடு போனால் அடுத்த கம்பெனியிலும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும்.

திங்கட்கிழமை காலை பிளானிங் மீட்டிங்குக்கு முன்னால் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அந்த டபுள் பேமென்ட் எனக்குப் புதன்கிழமையே தெரியும், அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். அவர் கோபப்படுவார். படட்டும், கேட்டுக்கொள்ளுங்கள், அப்ரைசலைக் காரணம் காட்டாதீர்கள். அதற்கும் முன்னால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே உங்கள் கணவரிடம் இதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கட்டினவரிடம் பாதிக் கதை சொல்லி அவரை ஊரான் மேல் கோபப்பட வைத்திருக்கிறீர்கள், அதைச் சரி செய்ய வேண்டியவரும் நீங்கள்தான்.