கிளாசிக்கல் கிறிஸ்தவப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

டெக்ஸாஸில் இப்படி ஒரு பள்ளியில் லத்தீனும் இலக்கியமும் சொல்லிக்கொடுக்கிறேன். கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

மழைக்குருவி: இது என்ன வகைப் பள்ளி? கத்தோலிக்கக் கான்வென்ட் மாதிரியா?

இல்லை. கத்தோலிக்கரிடமும் இப்படிப் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் விளம்பரத்தில் பார்ப்பவை பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் ஆட்கள் நடத்துபவை. துப்பறியும் நாவல்கள் எழுதிய டாரத்தி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு உரை நிகழ்த்தினார். இடைக்காலத்து இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூன்றையும் பிள்ளைகளின் வயதோடு பொருத்திக் காட்டினார்: சின்ன வயதில் மனப்பாடம் இனிக்கும், அடுத்து எதிர்த்துப் பேசும் வயது, அப்புறம் தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும் வயது. அந்த உரையைப் பிடித்துக்கொண்டு 1981இல் ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ என்ற சிற்றூரில் டக்ளஸ் வில்சனும் கூட்டாளிகளும் லோகோஸ் பள்ளியைத் தொடங்கினார்கள். 1990களில் பள்ளிகளின் சங்கமும் வந்தது. ஆக, 'பழைமையான கல்வி' என்று விற்கப்படும் இந்த வடிவம் பெரும்பாலும் என் வயதுதான்.

வகுப்பில் எப்படி இருக்கும் என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேசையைத் தட்டிக்கொண்டு 'அமோ, அமாஸ், அமாத்' (லத்தீனில் நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்) என்று கத்துவார்கள், பக்கத்து அறை ஆசிரியை வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு ஆய்வுரை எழுதி, கேள்வி கேட்பவர்கள் முன்னால் நின்று அதற்காக வாதாட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதில்தான் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். அதனால் பணம் கட்டுமுன் பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சின்ன வகுப்பைக் காட்டி மயக்கிவிடுவார்கள்.

ஆஸ்டின் அப்பா: கணக்கு பலவீனமா? பையன் எஞ்சினியரிங் போகணும்.

பல பள்ளிகளில் கால்குலஸ் வரை உண்டு. சிறிய பள்ளி என்றால் ஆய்வுக்கூடத்தைக் கேட்டுப் பாருங்கள், அதில்தான் குறை இருக்கும்.

எதிர்க்காற்று: அரசுப் பள்ளியிலிருந்து கடவுளைத் துரத்தினார்கள், அமெரிக்கக் கலாச்சாரம் அழுகிவிட்டது. சரிதானே?

பாதிகூட சரியில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1962, 1963 தீர்ப்புகள் தடுத்தது அரசே நடத்தும் ஜெபத்தையும் பைபிள் வாசிப்பையும். பிள்ளை தானாக ஜெபம் செய்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் கோபத்துக்குள் உண்மையான ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாமே கேளிக்கையாகிவிட்டது என்று ஊடக விமர்சகர் நீல் போஸ்ட்மன் 1985இலேயே, தொலைக்காட்சியை வைத்தே எழுதினார், அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. படிப்பு என்றால் வேலைக்குத் தயார் செய்வது மட்டும்தான் என்ற எண்ணத்தை எங்கள் ஆட்கள் திட்டுவதும் நியாயம். வேடிக்கை என்னவென்றால், அப்படித் திட்டும் பள்ளியின் விளம்பரத்தில் முதலில் இருப்பது தேர்வு மதிப்பெண்ணும் எந்தெந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற பட்டியலும்தான்.

ஓரக்கண்: நேராகவே சொல்லுங்களேன், இது வெள்ளைக்காரர்கள் பழைய காலத்துக்கு ஏங்குவதுதானே?

சில இடங்களில் ஆமாம். தென்மாநில அடிமைமுறை சொல்லப்பட்ட அளவுக்குக் கொடுமையில்லை என்று வாதிடும் சிறுநூலை வில்சன் 1996இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார், வரலாற்றாசிரியர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதை மழுப்பும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் பழைய நூல்களை வில்சனின் சொத்து என்று விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்னாளில் அடிமைமுறையை எதிர்த்துப் பேசிப் புகழ்பெற்ற ஃப்ரெடரிக் டக்ளஸ், பால்டிமோரில் அடிமைச் சிறுவனாக இருந்தபோது ஐம்பது சென்ட் கொடுத்து ஒரு பேச்சுக்கலைப் பாடநூலை வாங்கினான். அதில் எஜமானனோடு ஓர் அடிமை வாதாடி வென்று விடுதலை வாங்கும் உரையாடல் இருந்தது. கருப்பின அறிஞர் டுபோய்ஸ் ஒஹாயோவில் கருப்பின மாணவர்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர்.

எட்டாவது வரிசை: வில்சன் இல்லாவிட்டால் உங்கள் பள்ளியே இல்லை. நன்றி வேண்டாமா?

இருக்கிறது. அதற்காக அந்தச் சிறுநூலை நான் சுமக்கணுமா?

ஓரக்கண்: ஃப்ரெடரிக் டக்ளஸ் பள்ளிக்கே போகவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கட்டணம் வாங்காதீர்கள்.

இது நல்ல அடி. எங்கள் துறையில் பலர் டக்ளஸை விளம்பரப் படமாக மாட்டிவிட்டு, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள், வகுப்பில் கருப்பினப் பிள்ளை ஒன்றோ இரண்டோ. எனக்கும் பதில் இல்லை. ஆனால் அந்தப் பாடநூல் செய்த வேலையை இன்று எந்த அரசுப் பள்ளியில் செய்கிறார்கள் என்று நீங்களும் சொல்லணும். வாதத்தை எடுத்துக் கட்டவும் எதிர்வாதத்தைத் தாங்கவும் சொல்லிக்கொடுப்பது பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று விட்டுவிடலாமா?

எட்டாவது வரிசை: அப்போ நீங்களும் இடதுசாரிதான்.

போதும், அடுத்தவர்.

சென்னைப் பாட்டி: பேத்தி வீட்டிலேயே படிக்கிறாள். என்ன பாடத்திட்டம்?

அம்மா, அது என் துறை இல்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வாரம் ஒரு நாள் கூடிப் படிக்கும் குழுக்கள் உண்டு, உங்கள் மகள் பக்கத்தில் விசாரிக்கட்டும்.

நீலமலை: நாங்கள் இந்துக்கள். சேர்ப்பார்களா?

சில பள்ளிகள் கிறிஸ்தவ நம்பிக்கைகளைச் சொல்லும் விசுவாச அறிக்கையில் பெற்றோரின் கையெழுத்து கேட்கும், சில கேட்காது. மதம் வேண்டாம், இந்தப் படிப்பு மட்டும் போதும் என்றால் அரிசோனாவில் தொடங்கிய கிரேட் ஹார்ட்ஸ் போன்ற அரசு நிதிப் பள்ளிகளைப் பாருங்கள், கட்டணம் கிடையாது. அங்கேயும் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான்.

குட்டிச்சுவர்: கல்லூரியில் இடம் கிடைக்குமா?

கிடைக்கும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை எழுதலாம். கிளாசிக்கல் கல்வியை ஒட்டி, சிஎல்டி (கிளாசிக் லேர்னிங் டெஸ்ட்) என்று 2015இல் வந்த தேர்வும் இருக்கிறது, 2023 முதல் ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன.

ஹூஸ்டன் மாமா: கணக்கு எப்படி?

மேலே ஆஸ்டின் அப்பாவுக்குச் சொன்னதைப் படியுங்கள், மாமா.