குழுவின் மரக் குறிப்புகளை எப்படித் தொகுப்பது?

நண்பரே, உங்கள் தச்சு வேலைக் குழுவில் படங்கள் குவிகின்றன, ஆனால் "இது வாகையா, தூங்குமூஞ்சியா?" என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை என்கிறீர்கள். படத்தை நம்பினால் அப்படித்தான். வெளிச்சம் மாறினாலே நிறமும் மாறிவிடும்.

ஒவ்வொரு மரத்திலும் கையளவு துண்டு சேருங்கள். பாதிக்கு எண்ணெய் பூசி, மீதியைச் சும்மா விடுங்கள். குறுக்குவெட்டு முனையைக் கூரான உளியால் சீவி வையுங்கள். நுண்துளைகள் அங்கேதான் தெளிவாகத் தெரியும்: தேக்கில் பெரிய துளைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசையாக நிற்கும், வாகையில் சிதறிக் கிடக்கும்.

அப்புறம் துண்டோடு ஒரு சீட்டு. எங்கே வாங்கியது, எப்போது அறுத்தது, என்ன செய்தீர்கள், ஒரு மழைக்காலம் போனபின் அது என்ன ஆனது? கடைசிக் கேள்விக்கான பதிலைத்தான் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பலகை எந்தப் பக்கமாக அறுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, ஆரத் திசையில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுருங்குவதைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு. தூள் யாருக்காவது அரிப்பு தந்ததா என்பதும் வேண்டும். தேக்குத் தூளே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

சீட்டு எழுதும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.