உளுந்துல எந்த கிராஸ் தேறும்?

கேள்வி: உளுந்துல பத்து கிராஸ் (ரெண்டு ரகத்த இணைச்ச கலப்பு) போட்டிருக்கேங்க, எல்லாத்தையும் கடைசி வரைக்கும் வளர்க்க இடமில்ல. எது தேறும்னு சீக்கிரமே தெரியுமா?

பதில்: தெரியுங்க, ஆனா எஃப்1 (கலப்போட முதல் தலைமுறை; அடுத்தடுத்தது எஃப்2, எஃப்3) செழிப்பா நிக்குறத மட்டும் நம்பிடாதீங்க, தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்ங்கிறதால அந்தச் செழிப்பைத் தர்ற மரபணுக் கலப்பு எஃப்2-ல 50 சதவீதம், எஃப்3-ல 25னு பாதி பாதியா கரைஞ்சிடும். ஒத்தச் செடிய வச்சும் மகசூல முடிவு பண்ண முடியாது, மண்ணும் தண்ணியும் ஏமாத்திடும். ஒவ்வொரு கிராஸோட எஃப்2 செடிகள்ல கிடைக்குற விதைய, மத்த கிராஸோட கலக்காம, மொத்தமா சேர்த்து, எஃப்3-ல பெற்றோர் ரகங்களுக்குப் பக்கத்துலயே ரெண்டு மூணு இடத்துல விதைச்சு எடை பாருங்க. சராசரி கம்மியான கிராஸை தயங்காம தூக்கிடுங்க, சராசரியும் நல்லா இருந்து நல்ல செடிய தேர்ந்தெடுக்குற அளவுக்குச் செடிக்குச் செடி வித்தியாசமும் இருக்குறதுதான் எனக்குத் தங்கம். மஞ்சள் தேமல் நோய மட்டும் எஃப்2-லயே பாத்துடலாம், நோய் தாங்காத ரகத்த நடுநடுவுல ஒரு வரிசை விதைச்சு, நோயப் பரப்புற வெள்ளை ஈக்கு மருந்து அடிக்காம விடுங்க.