டிஸ்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் ‘இடமில்லை’ என்கிறது: ஏன்?

கேள்வி: லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பமைப்பைப் பயன்படுத்துகிறேன். காலியிடம் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை 40 ஜிபி காலி என்கிறது. ஆனால் புதுக் கோப்பு உருவாக்கப் போனால் இடமில்லை என்ற பிழை வருகிறது. பழையதை அழிக்கவும் விடுவதில்லை. இன்னொரு கோப்பமைப்பான இஎக்ஸ்டி4-இல் (ext4) 5% ஒதுக்குவது போல இதிலும் மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகள் பற்றிய விவரப் பதிவுகளுக்கு) ஒதுக்கி வைக்க முடியுமா?

பதில்: இஎக்ஸ்டி4-இன் அந்த 5% மெட்டாடேட்டாவுக்கானது அல்ல. டிஸ்க் நிறைந்தாலும் ரூட் பயனரின் (நிர்வாகியின்) வேலை நிற்காமலும், கோப்புகள் துண்டுதுண்டாகச் சிதறாமலும் இருக்கத்தான் அது. அங்கே ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் ஐநோடு அட்டவணைக்கு ஃபார்மட் செய்யும்போதே இடம் போய்விடும். பிடிஆர்எஃப்எஸ் அப்படிச் செய்வதில்லை.

இது டிஸ்கைச் சங்க் (பெரிய துண்டு) சங்காகப் பிரித்து எடுக்கிறது. டேட்டா சங்க் பொதுவாக 1 ஜிபி. மெட்டாடேட்டா சங்க் 256 எம்பி; 50 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கில் 1 ஜிபி. ஒற்றை டிஸ்கில் மெட்டாடேட்டா இரண்டு பிரதியாக எழுதப்படுவதால் ஒவ்வொரு முறையும் இதில் இரு மடங்கு இடம் வேண்டும். டேட்டா சங்குக்குள் எவ்வளவு ஓட்டை இருந்தாலும் மெட்டாடேட்டா அதில் நுழைய முடியாது. உங்கள் 40 ஜிபி பெரும்பாலும் அந்த ஓட்டைகள்தான்.

அழிப்பதற்கும் ஏன் இடம் வேண்டும்? மெட்டாடேட்டா, நோடு எனும் சிறு தொகுதிகளாக ஒரு மரம் போல அடுக்கப்பட்டிருக்கிறது. மாறும் எந்த நோடையும் இது பழைய இடத்திலேயே திருத்துவதில்லை. புது இடத்தில் எழுதுகிறது, மரத்தின் வேர் வரைக்கும். அதனால் கெர்னல் வேலையைத் தொடங்கும் முன்பே மோசமான நிலைக்குக் கணக்குப் போட்டு ஒதுக்குகிறது: ஒரு பதிவைச் சேர்க்க 16 கேபி நோடு × 8 மட்டம் × 2, அதாவது 256 கேபி. பெரும்பகுதி பிறகு திரும்பிவிடும். வீண் ஒதுக்கீடு போலத் தோன்றினாலும் இதுவே சரி. பாதி வேலையில் இடம் தீர்ந்தால் கோப்பமைப்பு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். கடைசிக் கையிருப்பாக ‘குளோபல் ரிசர்வ்’ உண்டு, அதிகபட்சம் 512 எம்பி. அதில் பயன்பாடு பூஜ்யத்தைத் தாண்டி நின்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்’ கட்டளையை ஓட்டி ‘டிவைஸ் அன்அலகேட்டட்’ (எந்தச் சங்குக்கும் ஒதுக்கப்படாத இடம்) வரியைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டியிருந்தால், ‘பிடிஆர்எஃப்எஸ் பேலன்ஸ் ஸ்டார்ட் -டியூசேஜ்=5’ (-dusage=5) கொடுங்கள்; பிறகு 10, 20 என்று ஏற்றுங்கள். 5% வரை மட்டுமே நிரம்பிய டேட்டா சங்குகளைச் சேர்த்து அடுக்கி, மீந்தவற்றை அது விடுவிக்கும். முதலிலேயே 80 என்று போட்டால் மணிக்கணக்கில் ஓடும், பலன் குறைவு.

பேலன்ஸும் இடமில்லை என்று நின்றால், சில ஜிபி உள்ள பென்டிரைவை ‘டிவைஸ் ஆட்’ மூலம் தற்காலிகமாகச் சேர்த்து, பேலன்ஸ் முடித்து, ‘டிவைஸ் ரிமூவ்’ கொடுங்கள். அந்தக் கட்டளை முழுதும் முடியும் வரை பென்டிரைவைப் பிடுங்கவே கூடாது. அதற்குள் உங்கள் மெட்டாடேட்டாவே அதில் போய் உட்கார்ந்திருக்கலாம். இதே காரணத்தால் ராம்டிஸ்கை (நினைவகத்தையே டிஸ்க் போல ஆக்கியதை) சேர்க்காதீர்கள்: மின்சாரம் போனால் முழுக் கோப்பமைப்பும் போகும்.

ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பிரதி) இருந்தால் கோப்பை அழித்து இடம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். பகிர்ந்திருந்த நோடுகள் பிரிவதால் மெட்டாடேட்டா கூடவும் செய்யும். பழைய ஸ்னாப்ஷாட்டையே நீக்குங்கள்.

‘-எம்யூசேஜ்’ என்று மெட்டாடேட்டாவை அடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேண்டாம். மெட்டாடேட்டா சங்குகளில் இருக்கும் காலியிடம்தான் உங்கள் உண்மையான ஒதுக்கீடு. அதை விடுவித்தால் டேட்டா வந்து பிடித்துக்கொள்ளும்.

முன்கூட்டியே ஒதுக்க நேரடி வழி என்றால் ‘மெட்டாடேட்டா_ரேஷியோ’ (metadata_ratio) என்ற மவுன்ட் விருப்பம் (டிஸ்கை இணைக்கும்போது கொடுப்பது) மட்டுமே. 8 என்று கொடுத்தால் 8 டேட்டா சங்குக்கு 1 மெட்டாடேட்டா சங்க் எடுக்கப்படும். சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இது உதவும். பெரிய வீடியோக் கோப்புகளுக்கு வீண். மற்றவர்களுக்கு, ஒதுக்கப்படாத இடம் 5 ஜிபிக்குக் கீழே இறங்கும்போதே ‘-டியூசேஜ்=10’ ஓட்டிவிடுவது போதும்.